நாலு பேரும் வந்தால் நல்லது

இனி பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்யும்போதே கை நடுங்கியது.

சனிக்கிழமை மதியம் என்றால் அமரில்லோவில் என் மாமனார் ஹோலிஸ் வீட்டில் போக்கர் சீட்டாட்டம். மாமியார் வேடா பாப்டிஸ்ட் சர்ச்சில் பெரிய ஆள். காசு வைத்து ஆடினால் பாவம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து ஆடுவோம். ஒரு பந்தய வில்லை, ஒரு ஞாயிறு. தோற்றவர் அன்று முழுக்க ஜெயித்தவருக்கு வேலைக்காரர். ஆளுக்குப் பத்து வில்லை, கையில் இரண்டு சீட்டு; நடுவில் திறக்கும் ஐந்து பொதுச் சீட்டோடு சேர்த்து யார் கை பெரிதோ, குவியல் அவருக்கு.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அடுத்து இன்ஷூரன்ஸ் கணிதப் பரீட்சை. படிக்க ஞாயிறை விட்டால் நாளில்லை. பத்தும் போனால் பரீட்சையும் போச்சு.

காரில் வரும்போதே மனைவி டார்லாவுக்கு விளக்கினேன்.

"ரெண்டு ஏஸ் வந்தா மொத்த வில்லையையும் நடுவுல தள்ளிடுவேன். ஒருத்தர் மட்டும் எதிர்த்து வந்தா, நூத்துக்கு எண்பத்தஞ்சு தடவை ஜெயிப்பேன். நாலு பேர் வந்தா ஐம்பத்தஞ்சுதான்."

"அப்போ யாரும் வரக்கூடாதா?"

"வரணும்! ஜெயிக்கறது குறையும், ஆனா குவியல் பெருசு. சராசரியில லாபம் ரெண்டு மடங்குக்கு மேல!"

"இன்னிக்கு எத்தனை தடவை தள்ளப்போறே?"

"ஒரே தடவை."

"அதுக்கு ஏது சராசரி?"



ஏஸ் இரண்டும் வந்தே விட்டன. வில்லைகளைத் தள்ளினேன். பாதி தரையில் உருண்டன.

"இவன் இதுவரை தள்ளினதே இல்ல. ஏஸ்தான்," என்று மாமனார் சீட்டைக் கவிழ்த்து விலகப் போனார்.

டார்லா சிரித்தாள். "அப்பா, ஏஸ் வெச்சிருக்கறவன் இப்படியா நடுங்குவான்?"

"மாப்பிள்ளே, பொய்யா?"

"இ... இல்லை, சார்!"

"குரலைக் கேளுங்க, பொய்யேதான்!" மைத்துனன் ரஸ்டி தள்ளினான். மாமனார் தள்ளினார். மாமியார், "கர்த்தரே மன்னியும்," என்று தள்ளினார்.

எனக்காக ஆள் பிடிக்கிறாளே என் தங்கம்! கண் கலங்கியது. அப்போது அவளும் தள்ளினாள்.

"நீ எதுக்குடி?"

"நாலு பேர் வரணும்னியே. மூணுதான் இருந்தது."

நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறந்தன. அதில் மூன்று ஹார்ட். டார்லா கையில் அற்ப ஐந்தும் ஆறும், இரண்டும் ஹார்ட். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு; அதை மிஞ்ச மேஜையில் எதுவுமில்லை. என் ஏஸ் ஜோடி செத்தது.

"இதை நம்பியா வந்தே? ஜெயிக்க அஞ்சுல ஒரு வாய்ப்புதானே!"

"உன்கூட மட்டும் மோதினா நஷ்டம். இங்க பத்து போட்டா அம்பது வருது. அஞ்சுல ஒண்ணே கட்டுப்படியாகும். குவியல் உனக்கு மட்டுமா பெருசாகும்?"

பயத்திலும் ஒரு நிம்மதி. ஜெயித்தது என் மனைவிதானே!

"டார்லா, எல்லா ஞாயிறும் இப்போ நம்ம வீட்டுலதான், இல்ல?"

"இல்லியே. அப்பா, அம்மா, ரஸ்டி மூணு பேருக்கும் அவங்கவங்களோடதைத் திருப்பிக் கொடுத்துட்டேன். பாவம். உன்னோடது மட்டும்தான் என்கிட்ட இருக்கு."