குதிரைக்கு என்ன ஆச்சு

பாலத்தில் ஏறும்போது குதிரை அரை நொடி திணறுகிறது என்று புகார் வந்ததும் கொத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார்.

உண்மையில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஒரு போர் விளையாட்டுக்கு எட்டு வருடம் முன்பு முதல் சுவரை எழுதியவர் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த விளையாட்டின் புரோகிராம் ஊருக்கே பொது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் சாவி மட்டும் கொத்தனாரிடம் இருந்தது. இதற்குச் சம்பளம் கிடையாது. வசவு தாராளமாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு வரியை மாற்றினார். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். குதிரை திணறவில்லை. எல்லோரும் படிக்கும் மாற்றப் பட்டியலில் 'பாலத்தில் குதிரையின் திணறல் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு நிம்மதியாக அலுவலகம் போய் வந்தார்.

வாசலிலேயே மைத்துனன் பிடித்துக்கொண்டான். வேலை கிடைக்கும்வரை இரண்டு வாரம் தங்குகிறேன் என்று வந்து, ஏழாவது மாதமாகக் கூடத்து சோபாவில் இருப்பவன். விளையாட்டில் அவன் பெயர் புயல்.

"மாமா, குதிரையை என்ன பண்ணீங்க?"

"பாலத்துல திணறிச்சு. சரி பண்ணேன்."

"பாலத்துல ஜோரா போகுது. சமதரையிலதான் நடைபிணம் மாதிரி போகுது. நான் மட்டும் சொல்லலை, எல்லாரும் சொல்றாங்க."

எல்லோரும்தான் சொல்லியிருந்தார்கள். புகார்ப் பக்கத்தில் பதினேழு பேர். தன் குதிரையின் முகமே வாடிவிட்டதாக ஒருவர் உருகியிருந்தார்.

மாற்றிய வரிக்கும் வேகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பெரிய மனது பண்ணி வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அதையும் பட்டியலில் எழுதினார். மறுநாளே குதிரை கட்டுக்கடங்காமல் ஓடுகிறது என்றார்கள். புயல் மூன்று முறை ஆற்றில் விழுந்தான். முன்பெல்லாம் அவன் ஐந்து முறை விழுவான். ஆனால் அதெல்லாம் அவன் சொந்தத் திறமையில் விழுந்தது. கொத்தனார் கடிவாளத்தை இறுக்கினார். குதிரை குடித்துவிட்டுத் திரும்புகிறது என்றார்கள்.

"பையனுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இவ்வளவு கவலைப்படலை" என்றாள் மனைவி.

"அவன் புகார்ப் பக்கத்துல எழுதலையே."

கடைசியில் செய்ததை எல்லாம் அழித்து, பழைய வரிகளை ஓர் எழுத்துப் பிசகாமல் திரும்பப் போட்டார். 'பழைய குதிரை திரும்பிவிட்டது' என்று பட்டியலில் அறிவித்தார்.

"இது பழைய குதிரை இல்லை மாமா."

"அதே புரோகிராம்டா. ஒரு புள்ளி மாறலை. வா, காட்டறேன்."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஏறி உட்கார்ந்தாலே தெரியுது. பழைய குதிரைகிட்ட ஒரு உயிர் இருந்துச்சு."

பழுது பார்க்கவே நேரம் சரியாக இருப்பதால் கொத்தனார் விளையாட உட்கார்ந்தே இரண்டு வருடம் ஆகிறது. உண்மையிலேயே தனக்குத்தான் கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பயந்தார். எட்டு வருடமாக அலுவலகம் முடிந்ததும் அவர் ஆசையாகச் செய்துவந்த வேலை இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டக்காரர்கள் இணையத்தில் கூட்டம் போட்டார்கள். கொத்தனாரின் உழைப்பை மனமாரப் பாராட்டினார்கள். பாராட்டிய சூட்டோடு, சாவியை அவரிடமிருந்து பிடுங்கி வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று வாக்கெடுத்தார்கள். முப்பத்தொரு பேர் ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் கொத்தனார். இன்னொருவர், பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

சாவி புயலுக்குப் போயிற்று.

"உனக்கு ஒரு வரி எழுதத் தெரியுமாடா?" என்று சோபா பக்கம் திரும்பிக் கேட்டார் கொத்தனார்.

"உணர்வு இருக்கு மாமா. மத்ததை நீங்க சொல்லிக் குடுங்க."

கொத்தனார் கடவுச்சொல்லைக் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புயல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நண்பர்களே, போன மாசம் நாம ஆசையா ஓட்டினோமே, அந்தக் குதிரை. அதைத் திரும்பக் கொண்டுவர்றதுதான் என் முதல் வேலை." முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும் நேரத்தில் மருந்துக்கடைக்காரர் கூட்டத்துக்குள் நுழைந்தார். விளையாட்டு ஓடும் சர்வர் அவருடைய கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. கொத்தனார் சார், கோவிச்சுக்காதீங்க, கடையில வெள்ளையடிக்கிற வேலை நடக்குதா, இந்த மாசம் நீங்க அனுப்பின ஒரு மாற்றத்தையும் நான் இன்னும் சர்வர்ல ஏத்தவே இல்லை. எல்லாரும் போன மாசக் குதிரையிலதான் ஓடிக்கிட்டிருக்காங்க."