சுண்டுவிரல் செய்த வேலை

சாயங்காலம் ஏழு இருபது. அந்த நிமிடம் வரைக்கும் நான் புனேயில் மானமுள்ள மனிதனாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

கோந்த்வாவில் எங்கள் கட்டடத்து கேட்டே தெரியாத அளவுக்கு மழை. மகள் கவிதாவுக்கு ஆகுர்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஆறரைக்கெல்லாம் ஸ்கூட்டியில் வந்துவிடுகிறவள் வரவில்லை. ஆபீசில் அவளுக்குக் கொடுத்திருந்த கையடக்கக் கம்ப்யூட்டரோ எங்கள் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலை அவசரத்தில் மறந்துவிட்டாள். அவளுடைய போனும் அதுதான்.

ஆபீஸ் எண்ணை யாரும் எடுக்கவில்லை.

"ஏனுங்க, அந்த டப்பாவுல அவ ஆபீஸ் அபர்ணா நம்பர் இருக்குமில்ல? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான கிளம்புவாங்க?" என்றாள் என் மனைவி சரசு.

மழையில் அபர்ணாவுக்கு லைன் கிடைக்கவில்லை. "மெசேஜாவது போடுங்க" என்றாள்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கோயம்புத்தூரில் கீயைப் பார்க்காமல் அடிக்கக் கற்றவன். (பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரலில் போடுவார்.) இந்தக் கருவியில் கீ ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. அதனால் என்ன, ஹையர் ஹையர்தானே?

யாருக்கு அனுப்ப என்று கேட்ட இடத்தில் அபர்ணா பெயரை ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும். மனிதர் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். மகளைக் காணவில்லை என்பதற்காக அந்த ஒழுக்கத்தை விட்டுவிட முடியுமா? சுண்டுவிரல் தானாகவே கீழ்மூலைக்கு ஓடி அமுக்கிக்கொண்டது. மற்றக் கைச் சுண்டுவிரல் 'ஏ'யை அடித்தது. டைப்ரைட்டரில் அந்த மூலையில் இருப்பது ஷிஃப்ட். இந்த டப்பாவில் அங்கே உட்கார்ந்திருந்தது கன்ட்ரோல். கன்ட்ரோலோடு ஏ சேர்ந்தால் 'எல்லோரையும் தேர்ந்தெடு' என்று அர்த்தமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

திரையில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் டிக் விழுந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து டிக் என்றால் சரி என்றுதான் எனக்குத் தெரியும். மகிழ்ச்சியோடு செய்திக்குப் போனேன்.

"பெரிய எழுத்து, கமா எல்லாம் பார்த்துட்டு நிக்காதீங்க. சுருக்கா அடிங்க!"

'கவிதா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பயமாக இருக்கிறது. அப்பா' என்று ஆங்கிலத்தில், சின்ன எழுத்திலேயே அடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் டப்பா சுவர்க்கோழி மாதிரி கத்த ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா எங்கள் வீட்டு போனில் கூப்பிட்டாள். "டேய், போலீசுக்குச் சொன்னியாடா?" என்று ஒரே அழுகை. கீழ்வீட்டுப் பெரியவர் தேஷ்பாண்டே காகா டார்ச்சோடு வந்தார். அபர்ணா அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கவிதா தனக்கு முன்பே கிளம்பிவிட்டாள் என்று அவள் சொன்னாள். ஸ்கூட்டி மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தார். கவிதாவின் மேனேஜர் மனைவியோடு காரில் வந்தார். (நான் ஒரு பழைய லுங்கியில் இருந்தேன்.) வந்தவர்கள் எல்லோரும் "காய் ஜாலா? என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். சரசு அழுதுகொண்டே இஞ்சி தட்டி டீ போட்டாள்.

எனக்கு யாரையும் பார்க்கத் தெம்பில்லை. பால்கனியில் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு வண்டி வெளிச்சமும் எங்கள் கேட் பக்கம் திரும்பாமல் நேராகப் போனது. மெக்கானிக் வந்து என் தோளில் ஈரக்கையை வைத்தார். "அங்கிள், பிரேக் எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். நல்ல வண்டி. வந்துடும்" என்றார் இந்தியில். வண்டியைச் சொன்னாரா, என் பெண்ணைச் சொன்னாரா தெரியாது. தலையாட்டினேன். இன்றைக்கும் மழைநாளில் அவள் கொஞ்சம் தாமதித்தால் பால்கனிக்குப் போய்விடுகிறேன்.

நான் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் வந்ததைப் பார்க்கவில்லை. தண்ணீரில் மூழ்கி நின்றுபோன ஸ்கூட்டியை, விளக்கில்லாமல், பாதி ஊர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். மாடி ஏறியவள் முதலில் கண்டது எங்கள் வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளை. திறந்த கதவுக்குள்ளே தலைகுனிந்து நிற்கிற கூட்டம், நடுவில் அழுகிற அம்மா. பால்கனியில் இருந்த நான் மட்டும் அவள் கண்ணில் படவில்லை. ஹெல்மெட் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

எங்கள் வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்பு சேர்ந்தால், மாப்பிள்ளை உட்பட யாராவது ஒருவர் இப்போதும் மார்பில் கைவைத்துக்கொண்டு சொல்லும் வசனத்தை, சொட்டச் சொட்ட நனைந்து நின்ற என் மகள் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள்:

"அம்மா… அப்பாக்கு என்னம்மா ஆச்சு?"