அழியாத முதல் வரி

பெருமதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

வணக்கம். தாங்களும் இல்லத்தாரும் நலமென நம்புகிறேன். என் நலமோ, மூன்று நாளாகத் தங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் என் துணைவியார், அதாவது தங்கள் தமக்கையார், திரும்பி வருவதைப் பொறுத்தது.

நடந்ததை நடந்தவாறே உரைக்கிறேன். நாற்பதாண்டுகள் மேடைகளை அதிரவைத்த என்னிடம் தங்கள் அக்காள், "சட்டைப் பொத்தான் அறுந்துபோச்சுன்னு சொல்ல முக்கால் மணி நேரமா? மைக் இல்லாட்டியும் மேடைதானா? சொல்ல வேண்டியதை எழுதித் தொலைங்க!" என்றார். ஆணையை ஏற்றேன்! பூசிய இடத்தில் சாக்பீஸால் எழுதி அழிக்கத்தக்க கரும்பலகை வண்ணம் வாங்கினேன். சமையலறைச் சுவர், அலமாரிக் கதவு, உணவு மேசை, நாற்காலிகள் இரண்டு, அனைத்தையும் ஒரே காலையில் இருளில் ஆழ்த்தினேன். நண்பகலில் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. உணவு முடிந்ததும், ஒரு மணி நேரம் முழங்க வேண்டியதை ஒரே வரியாகச் சுருக்கி அலமாரிக் கதவில் பொறித்தேன்: "இன்றைய சமையல், உண்டவன் பொறுமைக்கு வைத்த தேர்வு!" அச்சுருக்கம் கண்டு நானே வியந்தேன். ஆயினும் என் வீரம் மேடையோடு சரி. அவர் பார்ப்பதற்குள் அழித்துவிட எண்ணித் துடைத்தேன். போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன், காய்ந்ததும் முன்னிலும் பளிச்சென்று தெரிந்தது. அந்நேரம் பார்த்தா அவங்க வரணும்? கண்ணெல்லாம் சிவந்து, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு, "இந்த வீட்டுல மனுஷி இருக்க முடியுமா? நான் தம்பி வீட்டுக்குப் போறேன்"னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

வண்ணக் கடைக்கு ஓடினேன். "மூணு நாள் காயணும் ஐயா. அப்புறம் சாக்பீஸைப் படுக்கவச்சு முழுக்கத் தேச்சு, துடைச்சுட்டுத்தான் எழுதணும். இல்லேன்னா முதல்ல எழுதுனது அப்படியே பதிஞ்சுடும்" என்றார் கடைக்காரர். "இதை அன்றே ஏன் கூறவில்லை?" என்று சீறினேன். "வாயைத் திறந்தேன். நீங்கதான் கருமையின் பெருமையைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. கடையில நாலு பேரு கைகூடத் தட்டுனாங்களே!" என்றார். இன்னொரு பூச்சுக்கு அங்கே போய் நிற்க எனக்கு முகமில்லை.

அன்று முதல் அவ்வரியின் மேலேயே மன்னிப்பு எழுதி வருகிறேன். தோள் பட்டாலே மன்னிப்பு சுத்தமா அழிஞ்சுடுது. அந்த வரி மட்டும் அசையாம நிக்குது. கதவையே கழற்றிடலாம்னா, திருப்புளி எந்த டப்பாவுல இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்! எனவே தாங்கள் நயந்து பேசி அவரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். இனி எதைப் பரிமாறினாலும் புகழ்வேன். எதைப் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் முடிப்பேன்.

தங்கள் இல்லத்தில் வளம் பெருகுக! மக்கள் கல்வியில் ஓங்குக! சுவர்கள் என்றும் வெண்மையாய் ஒளிர்க!

தனிமையில் தவிக்கும்,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் தங்கள் அக்காளே வந்துவிட்டார். "மூணு நாளாச்சே, பெயிண்ட் நாத்தம் போயிருக்கும்னு வந்தேன். அப்பப்பா, அன்னிக்குக் கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துச்சு" என்கிறார். நான் உணர்ச்சிவயப்பட்டு, "அப்படியெனில் அந்த வாசகம் உங்களைப் புண்படுத்தவில்லையா?" என்று முழங்கிவிட்டேன். "எந்த வாசகம்?" என்றார். இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அலமாரியை நோக்கி நடக்கிறார். ஆகவே, மைத்துனரே, அவரை அனுப்பிவைக்க வேண்டாம். அவர் தங்கியிருந்த அறையை எனக்கு ஒழித்து வையுங்கள்.