குராஷிமாவின் கையுறைக்குச் சந்தனம்

ஒரு ஜப்பானிய கோல்கீப்பரின் பதினாறு வருடத் தொழிலை ஒரு கிண்ணம் சந்தனத்தில் முடித்து வைத்தவன் நான். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அப்பா சொல்லுவார். அவர் சொன்னால் கிண்ணம் குடமாகிவிடும்.

பர்மாவின் யாங்கோன் நகரில் தொழில்முறைக் கால்பந்து லீக் புதிதாகத் தொடங்கியிருந்த சமயம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஜப்பானுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிடும் எண்ணத்தில், தாமுவேயில் ஒரு மாடியறை வகுப்பில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்திருந்தேன். (ஜப்பானுக்கு இன்றுவரை போகவில்லை. ஆளும் பெரிதாகவில்லை, தொப்பைதான்.) அந்த அரைகுறைப் படிப்பை நம்பி ஒரு கிளப் என்னைத் தன் புது கோல்கீப்பருக்கு மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டது. கிளப்பில் வேறு யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாததால் என் லட்சணம் வெளியே தெரியவில்லை.

கோல்கீப்பர் குராஷிமாவுக்கு முப்பத்தேழு வயது. ஜப்பானில் இரண்டாம் பிரிவு அணிகளில் ஆடியவர் என்று கிளப்பில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் உட்கார்ந்திருந்தவர். முதல் கீப்பருக்கு அடிபட்டால் இறங்கலாம் என்று பதினைந்து வருடம் பெஞ்சில் காத்திருந்திருக்கிறார். அந்தப் பாவிகளில் ஒருவனுக்கும் ஒழுங்காக அடிபடவில்லை. எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் எல்லா ஆட்டத்திலும் வலைக்கு முன்னால் நின்றார். "இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் போதும்" என்று ஒற்றை விரலைக் காட்டிச் சொல்லுவார். கிளப் முதலாளியும், கடைசி ஆட்டத்தில் கோல் வாங்காமல் நின்றால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிப்பதாகச் சொல்லியிருந்தார்.

அந்த மனிதர் தன் கையுறைகளைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பிழியாமல், நிழலில் காயவைப்பார். எங்கள் ஊர் மழையில் ஒரு ஜோடியின் உள்ளங்கை ரப்பர் உரிந்துபோனது. ஜப்பானிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஜோடி. அதுவும் அவர் அறையில் கரண்ட் இல்லாமல் காயாமல் கிடந்தது.

"எங்கள் வீட்டுக்குக் கீழே அப்பாவின் லேத் பட்டறை இருக்கிறது. ஜெனரேட்டர் உண்டு, ஃபேன் நிற்காது. நான் காயவைத்துத் தருகிறேன்" என்று வாயை விட்டேன். யார் என்னைக் கேட்டார்கள்?

ஆட்டத்தன்று காலை, பசுந்தாங்கில் எங்கள் பட்டறையில் கையுறைகளை ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, குராஷிமா விரலில் சுற்றும் டேப் வாங்க லத்தா கடைத்தெருவுக்குப் போனேன். அன்று ஆயுத பூஜை. வீடு முழுக்கச் சுண்டல் வாசனை அடித்தும் என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தால் லேத்துக்கு மாலை. அதன் முன்னால் வாழையிலையில் ஸ்பேனர், உளி, சுத்தியல், அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. வரிசைக்குத் தலைமை தாங்கி, குராஷிமாவின் கையுறைகள். பத்து விரலுக்கும் பத்துப் பொட்டு. உள்ளங்கை இரண்டிலும் அடை மாதிரி சந்தனம், அதன் நடுவில் தாராளமாகக் குங்குமம்.

"அம்மா! இத யாரு எடுத்து வச்சது?"

"நான்தான். ஊரு விட்டு ஊரு வந்து பாடுபடுற மனுசன். அவரு ஆயுதத்துக்கு வேற யாரு பூச போடுவா?"

"மூணரைக்கு மேட்ச்சும்மா!"

"நாளைக்குக் காலையில எடுத்துக்க. பூசையில வச்சத இன்னிக்குத் தொடக் கூடாது."

அப்பா சுண்டலிலிருந்து தலையை நிமிர்த்தினார். "மேட்ச்ச நாளைக்கு வைக்கச் சொல்லேன்டா. நீதான் மொழிபெயர்ப்பாளனாச்சே, எடுத்துச் சொல்லிப் புரியவை."

(லீக்கை ஒத்திவைக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது என்று அப்பா இன்றும் நம்புகிறார்.)

அரைமணி நேரம் கெஞ்சிக் கூத்தாடினேன். கடைசியில் அம்மா இன்னொரு கற்பூரம் ஏற்றி, சாமியிடம் தனியாக உத்தரவு வாங்கி, கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். "பொட்ட அழிச்சிராத. அது சரி, எல்லார் ஆயுதமும் இருக்கு, உன்னுது எங்கடா?"

"எனக்கேதும்மா ஆயுதம்? வாய்தான்!" என்று கத்திக்கொண்டே டாக்சிக்கு ஓடினேன்.

டாக்சியில் கைலி முனையால் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் இன்னும் அகலமாகப் பரவியது. உடைமாற்றும் அறையில் குராஷிமா கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. அம்மா பூஜை போட்டுவிட்டார், மன்னியுங்கள், கழுவித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு 'ஆனாடே' என்று ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் மனம் கோணுமே என்று உள்ளதைச் சொல்லக் கூசுவது. அதோடு என் பிறவி அசட்டுத்தனமும் சேர்ந்துகொண்டது.

"இந்த ஊர் வழக்கம். பந்து நழுவாமல் இருக்கப் பெரிய கீப்பர்கள் எல்லாரும் பூசுவார்கள்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் இதைச் சரியாகப் பூசவில்லையே. நடுவில் மட்டும் திட்டாக இருக்கிறது" என்று சொல்லி, வாளியிலிருந்து தண்ணீர் தெளித்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து, விரல் நுனிவரை ஒரே சீராகத் தேய்த்தார். நான் மடையன், பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் சும்மா ஒரு பந்தைத் தட்டிவிட்டான். குராஷிமா அதை நெஞ்சோடு அணைத்தார். பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, அவர் கால்களுக்கு இடையில் உருண்டு வலைக்குள் போனது. அவர் கையுறைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

குங்குமம் முகமெல்லாம் வழிந்தது. நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் அவர் தலைமுடியை விலக்கி விலக்கிக் காயத்தைத் தேடினார். குராஷிமா ஜப்பானிய மொழியில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லச் சொல்ல, தலையில் அடிபட்டுப் பிதற்றுகிறார் என்று டாக்டர் இன்னும் பயந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினேன். கூட்டம் ஊளையிட்டது.

"எங்கேர்ந்துய்யா ரத்தம் வருது?" என்று நடுவர் பர்மிய மொழியில் கேட்டார்.

"ரத்தமில்ல சயா. சாமிக்கு வச்ச குங்குமம்." (சயா என்றால் எங்கள் ஊர் 'சார்'.)

ஆயுத பூஜை என்றால் என்ன என்பதைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பர்மிய மொழியில் விளக்கினேன். பிறகு குராஷிமாவிடம் திரும்பினேன். "என் அம்மா உங்களுக்காகப் பூஜை போட்டார். பந்து நழுவாது என்று நான் சொன்னது பொய்."

அவர் கையுறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து என்னிடம் கொடுத்தார். மிச்ச ஆட்டம் முழுக்க வெறுங்கையோடு நின்றார். விரல் வீங்க வீங்க எல்லாப் பந்தையும் பிடித்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆனால் முதலாளி அந்த ஒரு கோலை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொண்டார். குராஷிமாவுக்கு இன்னொரு வருடம் இல்லை என்றார்கள். எனக்கு இன்னொரு நாள்கூட இல்லை என்றார்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் குராஷிமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கையுறைகளை நீட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பூசதான் அவரு பொழப்பக் கெடுத்துருச்சான்னு கேளுடா."

கேட்டேன். அவர் அம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பேசினார். "பதினாறு வருடம் என் கையுறைகளை நானேதான் கழுவினேன், நானேதான் காயவைத்தேன். அவற்றுக்காக யாரும் சாமி கும்பிட்டதில்லை. இவை உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பூஜையில் தவறில்லை. உங்கள் மகனின் மொழிபெயர்ப்பில்தான் தவறு."

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அந்தக் கையுறைகள் இன்றும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வரிசையின் முதலிடத்தில் உட்காருகின்றன. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு, உதட்டுக்கு மேல் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். "இவன் ஆயுதமும் பூசையில சேந்தாச்சு. நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

அன்று முழுவதும் நான் ஊமை. இந்த வருடம் தாகம் தாங்காமல் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுவிட்டேன். என் எட்டு வயது மகள் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"பாட்டி! அப்பா ஆயுதத்த எடுத்துட்டாரு!"