ஸ்டேஷனுக்கு அடித்த சுண்ணாம்பு

சிதம்பரம்
9.1.2009

அன்புள்ள மச்சான் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை பட்டம்மாளும் சுகம். உங்கள் முட்டிவலி தணிந்து, மாடிக்கு ஏறிக் குட்டி ரயிலை ஓட்டும் அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த ரயிலின் ஸ்டேஷனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தீபாவளியன்று, உங்கள் மகள் கயல்விழி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்டேஷனை என் கையில் கொடுத்து, "என்னா வாத்தியாரே, இதுக்கு எந்த பெயிண்ட் அடிக்கிறது?" என்று கேட்டீர்கள். முப்பத்துநாலு வருஷம் வகுப்பில் 'தெரியாது' என்று சொல்லிப் பழகாத வாய். "நான் பாத்துக்கிறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டது. உங்களோடு ரயில்வேயில் வேலை பார்த்த கார்டு ராபர்ட் பொங்கல் கழித்து ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். போன தடவை உங்கள் பழைய அட்டை ஸ்டேஷனைப் பார்த்து, "ஸ்டேஷன் மாஸ்டர் வூட்டு ஸ்டேஷனு, பொம்மக் கட மாதிரி இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போனவர் அவர். இந்தத் தடவை அவர் வாயை அடைப்பது என் பொறுப்பு என்று எனக்குத் தெரியும்.

முதலில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வாங்கி மீந்த எனாமலை அடித்தேன். கூழ் மாதிரி கெட்டியாக இருந்ததால் சன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டது. இளக்கலாம் என்று தின்னர் ஊற்றினேன். பெயிண்டோடு கூரையும் இளகி, நமுத்த அப்பளம் போல நடுவில் தொய்ந்துவிட்டது. அரையும்குறையுமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்து போஸ்டர் கலரைத் தடவினால், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீராக உருண்டு ஓடுகிறது. பிறகுதான் புத்தி வந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கிக் காயவைத்து, அக்ரிலிக் கலரை மெல்லிசாக இரண்டு தடவை அடித்தேன். செங்கல் நிறம் அப்படிப் பிடித்தது! ஆனால் ஸ்வீட் பெட்டி மாதிரி பளபளவென்று இருந்ததால், ராபர்ட் நினைவு வந்து, டீ டிகாக்ஷனில் விளக்குக் கரியைக் குழைத்து மேலிருந்து வழியவிட்டேன். நாற்பது வருஷ மழை பெய்த ஸ்டேஷன் மச்சான் அது! காயட்டும் என்று தோட்டத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு பேங்க்குக்குப் போனேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தங்கராசு வந்திருந்தான். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டேஷன் பால் வெள்ளை. அடியில் காவிப்பட்டை வேறு.

"சின்ன வீடுன்னு ஏமாத்தல சார், ரெண்டு கை அடிச்சிருக்கேன்" என்கிறான்.

"யாருடா உன்னை அடிக்கச் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்" என்று வந்தாள் உங்கள் தங்கை. "ஊரே வெள்ளையடிக்குது, இது மட்டும் அழுக்கா ஒக்காந்துருக்கு. எங்கண்ணன் ஸ்டேஷன எம்மாஞ் சுத்தமா வச்சிருந்தாரு! நீங்க என்னாடான்னா டீய ஊத்தி வச்சிருக்கீங்க."

இந்த நியாயத்தை நீங்களே கேளுங்கள். ராபர்ட்டிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் தடுத்துவிடுங்கள். என்னையும் மன்னித்துவிடுங்கள். மூத்தவர் நீங்கள், எங்கள் இருவரையும் வாழ்த்துங்கள். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சுப்பராயலு

பி.கு. (மறுநாள் காலை): மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். சுண்ணாம்பு பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் இரவோடு இரவாகப் பொரிந்து, அங்கங்கே பெயர்ந்து, அடியில் செங்கலும் டீக்கறையும் தெரிகிறது. தொய்ந்த கூரையோடு பார்த்தால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்த ஸ்டேஷனேதான்! தங்கராசு, "பேந்துபோச்சு சார், இன்னொரு கை அடிச்சிடறேன்" என்று சுண்ணாம்பு அடிக்கிற மட்டையோடு நிற்கிறான். ஸ்டேஷனை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ராபர்ட்டைக் கட்டாயம் வரச்சொல்லுங்கள். உங்கள் குட்டி ரயிலோடு இருக்கும் கூட்ஸ் ஷெட்டையும் இப்படியே செய்துவிடலாம். அதற்கு முன், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில் சுண்ணாம்பு பூசி, ஒரு நாள் காயவிட்டு, கட்டைவிரலால் தேய்த்து, இதே மாதிரி பெயர்கிறதா என்று பாருங்கள்.