கட்டிலுக்கு அடியில் அம்மன் விறகு

மழையைப் பிடிக்காதவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஆனால் தன்மேல் உள்ள சொந்தப் பகையால்தான் மழை பெய்கிறது என்று முழுமனதாக நம்பிய ஆள், கெடா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் விறகு மாமா ஒருவர்தான். தூறல் விழுந்தால் நாங்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். அவர் வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, "வந்துட்டியா? வா, வா. ஒனக்குத்தான் வேற வேலயே இல்லயே!" என்பார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை மூடியபோது அங்கிருந்த குடும்பங்கள் எங்கள் தாமானில் வரிசை வீடுகளுக்குக் குடிவந்தன. மாரியம்மனும் கூடவே வந்தாள். லோரி ஓட்டி ஓய்வு பெற்றிருந்த மாமா, கோயில் தீமிதிக்கு விறகு சேர்ப்பதையும் பூக்குழி மூட்டுவதையும் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அப்புறம் யார் கேட்டும் கொடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், குழி மூட்டுகிறவர் குழியில் இறங்கியதே கிடையாது. நெருப்பென்றால் அவ்வளவு பயம். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான கம்பியால்தான் கிளறுவார். ஒரு பொறி பறந்தால் பந்தலுக்கு வெளியே நிற்பார். "ஒரு தடவ எறங்கினா என்னா மாமா?" என்று கேட்டால், "சமையக்காரன் மொதப் பந்தியில உக்காருவானா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், அவர் மனைவி, எங்கள் அத்தை, பக்கவாதத்தில் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டார். அவள் எழுந்து நடந்தால் நான் பூக்குழியில் நடக்கிறேன் என்று. அத்தை லேசுப்பட்டவரா? தைப்பூசத்துக்குள் ஊன்றுகோலோடு எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். "யாரு வச்ச ரசம் இது? கழனித்தண்ணி தோத்துப் போவும்!" என்றார். மாமா தேம்பித் தேம்பி அழுதார். பாதி சந்தோஷம், மீதி வரப்போகும் தீமிதியை நினைத்த நடுக்கம்.

அந்த வருடம் பார்த்துத்தான் பங்குனி நனைந்தது. எங்கள் பக்கம் பங்குனி என்றால் வயல் வெடித்துக் கிடக்கும், தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். அந்தப் பங்குனியில் தவளைதான் கத்தியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து குளிர்பெட்டிக்குப் பின்னால் காய்ந்தது, அதாவது காயவில்லை. என் வீட்டுக்காரருடைய இடுப்பு வாரில் பூஞ்சணம் பூத்தது. டோபி கடையில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரிசை பிடித்து நின்ற இடத்தில் ஒரு சம்பந்தமே பேசி முடித்தார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வேலையில்லாமல் கத்தியைத் தீட்டித் தீட்டியே பாதியாக்கினார்கள். கூலிம் தொழிற்சாலையில் எங்கள் ஷிப்ட் ஆரம்பித்தால், முதல் ஒரு மணி நேரம் எல்லார் மேலிருந்தும் ஈரச் சாக்கு வாடைதான் வரும்.

கோயில் விறகுக் கொட்டகையும் ஒழுகியது. கோயில் தலைவர் நல்ல மனிதர். மாமாவைக் கூப்பிட்டு, "இந்த வருசம் பால்குடத்தோட நிறுத்திக்குவோம்லா மாமா. வெறகு பூரா ஈரம். மூட்டினா பொகதான் வரும்," என்றார். நெருப்புக்குப் பயந்த மனிதருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? நானாக இருந்தால் தலைவர் காலில் விழுந்திருப்பேன். மாமாவோ எகிறினார்.

"நீங்க நிறுத்திக்கலாம் தலைவரே. அவதான் நடந்துட்டாளே! நான் என்னான்னு சொல்லித் தப்பிக்கிறது? மழ பேஞ்சுச்சுன்னா? மழைய அனுப்புனதே ஆத்தாதான். அவகிட்டயே போயி மழைன்னு சொல்ல முடியுமா?"

மறுநாள் காலை, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். தோளில் ரப்பர் கட்டையோடு மாமா.

"ஒங்க வீட்டுக்கு ஒண்ணு. எங்க வைக்கலாம், சொல்லும்மா."

"என்னா மாமா இது?"

"அம்மன் வெறகு. காய வைக்கணும்."

இப்படியே தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு கட்டை. சிலர் வீட்டில் குளிர்பெட்டிக்குப் பின்னால், சிலர் வீட்டில் சோபாவுக்கு அடியில். எங்களுக்கு வந்தது கட்டிலுக்கு அடியில் போனது. அதோடு விட்டாரா? என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எஞ்சின் பக்கம் சூடாக இருக்கும் என்று அங்கேயும் சில கட்டைகளை ஏற்றிவிட்டார். அவை தினமும் எங்களோடு கூலிமுக்கு வேலைக்குப் போய்த் திரும்பின.

சாயங்காலம் ஆனால் குடையோடு சோதனைக்கு வருவார். கட்டையைச் சுண்டுவார், காதை வைப்பார். "டொக்குன்னா ஈரம். டங்குன்னா காஞ்சது," என்று எங்களுக்கு விளக்கம் வேறு. எனக்கு எல்லாமே டொக்கென்றுதான் கேட்டது. அவருக்கும் அப்படித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரே கட்டையை ஒரே நிற்பில் காய்ந்தது என்றார், தும்மிவிட்டு ஈரம் என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். "வெறகு அம்மனோடது. அது இருக்கிற வீட்டுல கவுச்சி கூடாது." காப்புக் கட்டினவர்கள் விரதம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். விறகு விரதம் இருந்து, அதற்காக ஒரு தெருவே கத்தரிக்காய் தின்றது எங்கள் தாமானில் மட்டும்தான். மழை விடவில்லை, விறகு காயவில்லை, விரதமும் முடியவில்லை. கோழிக்கடைக்காரன் என்னைப் பார்த்து, "அக்கா, நான் என்னா தப்பு பண்ணேன்?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

முதலில் தாக்குப்பிடிக்காமல் போனவர் என் வீட்டுக்காரர். விடுமுறை நாளில் கோலா கெடாவுக்குப் போனவர், படகிலிருந்து இறங்கிய கெம்போங் மீனோடு வந்து நின்றார்.

"வீட்டுல வெறகு இருக்கே!" என்றேன்.

"வீட்டுல இருந்தாத்தான கூடாது? வெளிய இருந்தா?"

சட்டம் படித்திருக்க வேண்டிய மனிதர், பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கட்டையை இழுத்துக்கொண்டு போய் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மேலே ஒரு குடையையும் விரித்துக் கட்டினார். அம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டார். நாங்கள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தோம். வெளியே காற்று குடையைக் கழற்றி மூன்றாவது வீட்டுக் கூரையில் வைத்ததும் தெரியாது, சாரல் அடித்ததும் தெரியாது.

மாமா வந்தபோது கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மீன் வாசனை வாசல் கேட் வரை போயிருந்தது. அவர் திட்டவில்லை. குனிந்து சுண்டினார், காதை வைத்தார்.

"குளிச்சிருக்கு," என்றார்.

வீட்டுக்காரர் வாயில் மீன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இது குழிக்கு ஆகாது மாப்ள. இங்கயே இருக்கட்டும். காயிற வரைக்கும் ஒங்க வீட்டுக்கு மட்டும் விரதம்." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

தீமிதி அன்று காலை சுள்ளென்று வெயில் அடித்தது. தெரு முழுக்க அவரவர் கட்டையோடு வெளியே வந்தார்கள். ஒரு கட்டை பிள்ளைத் துண்டில் சுற்றி, குழந்தைத் தள்ளுவண்டியில் வந்தது. எங்கள் வீட்டு ஆள் மட்டும் வெறுங்கையோடு போய்த் தலையைச் சொறிந்தபடி நின்றார். விறகு நன்றாகவே பற்றிக்கொண்டது. சாயங்காலம் குழி செக்கச்செவேலென்று கிடந்தது.

மஞ்சள் வேட்டியில் மாமா நின்றார். "நீங்க போங்க, நீங்க போங்க," என்று வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டார். கடைசியில் விடுவதற்கு ஆள் இல்லை. அவர் குழி ஓரத்துக்கு வந்து கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது.

குழி உஸ்ஸென்று இரைந்தது. சிவப்பு கறுத்தது. எங்கே பார்த்தாலும் ஆவி. "மாமா, இது இப்ப ஸ்டீம்போட் சூப்புலா!" என்று ஒரு இளவட்டம் கத்தியதும் கூட்டம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன்.

"போதும் மாமா. அடுத்த வருசம் பாத்துக்குவோம்," என்றார் தலைவர்.

மாமா நகரவில்லை. "நெருப்பு செத்துப் போச்சே," என்றார். "சூடு இல்லாமே நடந்தா அது வேண்டுதலா? அவள ஏமாத்துற மாதிரி இருக்கே." முகமெல்லாம் தண்ணீர், அதில் எது மழை என்று சொல்ல முடியவில்லை. அப்போது அவர் நெருப்புக்குப் பயப்படவில்லை. கொடுத்த நடையை அம்மன் திருப்பி வாங்கிக்கொள்வாளோ என்று பயந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தார். பிடிக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டார். மழையில் ஊன்றுகோலை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து, குழி ஓரம் வரை வந்து மாமா பக்கத்தில் நின்றார்.

"நான் என்னா ஓடியா வந்தேன்? கால இழுத்துக்கிட்டுத்தான வர்றேன். ஆத்தா எனக்குக் குடுத்தது அர நட. அதுக்கு அர நெருப்பு போதும். எறங்குங்க."

மாமா அத்தையின் காலைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். இறங்கிவிட்டார். முதல் அடிக்கு ஒன்றும் இல்லை. அடுத்த அடியில் துள்ளினார்.

"அடியே! சுடுதுடி! சுடுது!"

சுட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "சுடுது, சுடுது!" என்று கத்திக்கொண்டே மறுகரைக்குப் போய்ப் பால்குழியில் காலை வைத்தார். உள்ளங்கால் கொப்புளத்தைக் கேட்டவர்களுக்கும் காட்டினார், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துக் காட்டினார்.

போன வருடம் மகன் வந்து இருவரையும் ஜொகூருக்கு அழைத்துப் போய்விட்டான். இப்போது மழை பெய்தால் வானத்தைத் திட்ட எங்கள் தெருவில் ஆள் இல்லை. அங்கிருந்து அடிக்கடி போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

"கட்ட எப்படிம்மா இருக்கு? காஞ்சிருச்சா? காஞ்சிருச்சுன்னா அடுப்புல வச்சிரு. நானும் போன் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கட்டை மறுபடி கட்டிலுக்கு அடியில் போய், எப்போதோ சுக்காகக் காய்ந்துவிட்டது. தூக்கினால் காகிதம் போல வருகிறது. நேற்றும் கூப்பிட்டார். அடுப்பில் கெம்போங் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து, போனைக் கட்டை பக்கம் வைத்து ஒரு சுண்டு சுண்டினேன்.

"இன்னும் ஈரம்தான் மாமா," என்றேன்.