பைலட் அண்ணாச்சி வாங்கிய ஒற்றை சீட்டு

மதுரைக்குத் தெற்கே சொந்தமாக விமானம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பைலட் அண்ணாச்சிதான். விமானத்தின் நீளம் ஒரு முழம். எண்பதுகளில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அவர் ஸ்டோர் கீப்பர், நான் பக்கத்து மேஜை கிளார்க். பஸ் கூரையைவிட உயரமான எதிலும் அவர் ஏறியதில்லை. ஆனாலும் மில்லுக்குள் நுழையும்போது ரன்வேயில் இறங்குகிற தோரணை இருக்கும்.

கப்பலில் வேலை பார்த்த அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே இரண்டு பேர் உட்காரும் விமானம், உட்கார இரண்டு பொம்மைகளோடு, பிளாஸ்டிக் துண்டு துண்டாக. ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால், அதே விமானத்துக்கென்றே உட்காரும் சீட்டு, டயர், விளக்கு எனத் தனியாக நுணுக்கமான உதிரிபாகங்கள் விற்கிறார்கள் என்றும் மைத்துனர் வாயை விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் எந்தச் செலவும் ரூபாயில் பேசப்படாது. எல்லாம் எத்தனை கிலோ பால்கோவா விலை என்ற கணக்குதான்.

"இந்தத் துணுக்கு சீட்டு எம்புட்டு?" என்றார் மதினி, எனக்கு டீ கொடுத்துக்கொண்டே.

"ஆறு கிலோ. பித்தளை பக்கிளு, நெச பெல்ட்டு."

"மேல கண்ணாடி மூடி ஒட்டுன பொறவு வெளிய தெரியுமா?"

"சரியாத் தெரியாது."

"பொறவு யாருக்காம் அம்புட்டு செலவு?"

"உள்ள உக்காந்திருக்கவுகளுக்குத் தெரியும்லா!"

மதினி கரண்டியைத் தேடினார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி ஆபீஸிலும் விடவில்லை. "தம்பி, ரப்பர் டயர் நாலு கிலோ வருது. வாங்கவா?"

"பிளேன் அலமாரியிலதான நிக்கப்போவுது அண்ணாச்சி?"

"அதுக்காக பஞ்சராயா நிக்கும்?"

கூட்டிக் கழித்து டயரை விட்டார், விளக்கை விட்டார். கடைசியில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் கட்டுப்படியானது. மிக்ஸிக்கு வைத்திருந்த காசு அதில் போயிற்று. போதாக்குறைக்கு, கண்ணாடி மூடியை ஒட்டும்போது பசையைத் தாராளமாகப் பூசிவிட்டார். அந்த ஆவி பட்டு மூடி முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே இருப்பது கடவுளுக்கும் அண்ணாச்சிக்கும் மட்டுமே தெரியும் என்றாயிற்று.

மதினி தாய்வீட்டுக்குப் போகப் பையை எடுத்தார். "பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் கட்டுனாக. நான் வத்திராயிருப்பு பஸ்ஸத் தாண்டல. இவுக மட்டும் பெல்ட்டு போட்டுப் பறப்பாகளாம்! அந்தப் பிளேன் இருக்க வீட்டுக்கு இனி நான் வாரதா இல்ல."

அண்ணாச்சி ஒரு வாரம் கேன்டீனில் சாப்பிட்டு இளைத்தார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் இல்லய்யா, இது வாகனம்."

"வாகனம்னா பறந்து போகவேண்டியதுதான?"

பஸ்ஸே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மதினி வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வாசலிலேயே மதினி மறித்தார். "இதை எதுக்கு இங்கயும் தூக்கிட்டு வந்திய?" என்று பிடுங்க, அண்ணாச்சி விடாமல் இழுக்க, படக்கென்று மூடி கழன்றது.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். முன்னால், பெட்டியோடு வந்த மொத்தை பிளாஸ்டிக் சீட்டில், பெல்ட் இல்லாமல் பைலட். பின்னால், ஆறு கிலோ சீட்டில் ஓர் அம்மாள். பொம்மையின் ஹெல்மெட்டைக் கொண்டையாக்கி, அரக்குச் சேலைக்குப் பெயின்ட் அடித்து, கொண்டையில் துளி வெள்ளையாக மல்லிகைப்பூவும் வைத்திருந்தார் மனுஷன். குறுக்கே பித்தளை பக்கிள் போட்ட பெல்ட்.

"இதை மொதல்லயே சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"மூடி ஒட்டியாச்சு. சொன்னா நம்புவாளா? அதான் பிரிச்சுக் காட்டத் தூக்கிட்டு வந்தேன்."

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கொண்டை பெருசா இருக்கு" என்றார். செத்த நேரம் கழித்து, "முன்னால இருக்கவுக பெல்ட்டு இல்லாம விழுந்துற மாட்டாகளா? கப்பல்ல இருக்க என் தம்பிக்கு எழுதிப் போடுங்க. இன்னொரு ஆறு கிலோ போனாப் போவுது" என்றார்.

பிற்பாடு நானும் நிஜ விமானத்தில் போயிருக்கிறேன். பெல்ட் மாட்டச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்துவிடும். முதலில் பக்கத்தில் இருக்கும் என் மனைவிக்கு மாட்டிவிட்டுத்தான் நான் மாட்டிக்கொள்வேன்.